ஓட்டுகிறவர்களும் கழற்றுகிறவர்களும்: மின் நிலைய வேலைக்கு ஓர் அறிமுகம்

தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ ஒருவர் "தெர்மல்ல வேலை பார்க்கிறேன்" (அனல்மின் நிலையத்தைச் சொல்கிறார்) என்றால் பக்கத்தில் இருப்பவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். ஷிப்ட் பஸ், குவார்ட்டர்ஸ், சாம்பல் படிந்த ஷூ எல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனவை. மற்ற ஊர்களில் அப்படி இல்லை. டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கும் என் அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, கரியைப் போட்டா கரண்ட் வருது. மிஷின் தானா ஓடுது. அப்புறம் உள்ளே இத்தனை பேர் என்னதான் செய்றீங்க?"

நியாயமான கேள்வி. கல்லூரிப் புத்தகத்தில் பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் என்று மூன்று பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்புக்குறிகளுக்கு நடுவில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அதில் இருக்காது. முதல் ஒன்பது வருஷம் ஆபரேஷனிலும், அதன் பிறகு பாய்லர் பராமரிப்பிலும் இருந்தவன் என்பதால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மின் நிலையத்தில் அடிப்படையாக இரண்டு வகை வேலைதான். ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது ஒன்று. நின்ற இயந்திரத்தைக் கழற்றிச் சரிசெய்து திரும்பக் கொடுப்பது இன்னொன்று. முன்னதை ஆபரேஷன் என்கிறோம், பின்னதை மெயின்டனன்ஸ். இரண்டுக்கும் வேண்டிய மனசு வேறு வேறு. எந்தப் பட்டம் படித்தாய் என்பதைவிட நீ எந்த மாதிரி ஆள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

முதலில் இயந்திரம்

எடுத்துக்காட்டுக்கு 210 மெகாவாட் யூனிட் ஒன்றை (ஒரு பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதி) எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதுதான் நிறைய. தூத்துக்குடியில் ஐந்து (முதலாவது 1979ல் ஓடத் தொடங்கியது), மேட்டூரின் பழைய பகுதியில் நான்கு, வடசென்னையின் முதல் கட்டத்தில் மூன்று.

நிலக்கரியை மில்லில் முகப்பவுடர் போல அரைத்து, சூடான காற்றோடு பாய்லருக்குள் ஊதி எரிக்கிறோம். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் வேண்டும். ஆக, முழு லோடில் மணிக்கு 140 டன்னுக்கு மேல் எரியும். அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாக வெளியே வரும் என்பதால் சாம்பலை அள்ளுவதற்கே தனிப் பிரிவு உண்டு. பாய்லர் சுவர் முழுக்கக் குழாய்கள், குழாய்க்குள் தண்ணீர். அது நீராவியாகி, இன்னும் சூடேறி, 535 டிகிரி செல்சியஸ் அளவில் டர்பைனுக்குப் போகிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 130 முதல் 150 கிலோ. டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அதே தண்டில் கோத்திருக்கும் ஜெனரேட்டர் 15.75 கிலோ வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. வெளியே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 230 கிலோ வோல்ட்டுக்கு ஏற்றி லைனில் விடுகிறது. வேலை முடிந்த நீராவியைக் கண்டன்சரில் குளிரவைத்துத் தண்ணீராக்கி மறுபடியும் பாய்லருக்கே அனுப்புகிறோம்.

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். இருபது மாடி உயரம் இருக்கும் அந்த பாய்லர் தரையில் நிற்பதில்லை. மேலே இரும்புச் சட்டத்திலிருந்து தொங்குகிறது. சூடேறும்போது பல அங்குலம் கீழ்நோக்கி நீளும். கீழே அதற்கு இடம் விட்டிருப்பார்கள். முதல் முறை அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கால் கூசியது.

ஓட்டுகிறவர்கள்

ஆபரேஷன் முழுக்க முழுக்க ஷிப்ட் வேலை. காலை 6 முதல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் காலை 6 வரை; நிலையத்துக்கு நிலையம் அரைமணி ஒரு மணி முன்பின் இருக்கும். நான்கு குழுக்கள் மாறி மாறி வருவார்கள். ஒரு குழுவுக்கு ஓய்வு, மூன்று குழுக்களுக்கு வேலை. தீபாவளி அன்றும் இதே கணக்குதான்.

ஷிப்டில் இரண்டு இடம். ஒன்று கன்ட்ரோல் ரூம். ஏசி, வரிசையாகத் திரைகள், டெஸ்க்கில் இன்ஜினியர்கள். அவர்கள் கண் அடிக்கடி போகும் எண்களில் ஒன்று ஃப்ரீக்வென்சி, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்ற அலைவெண். 3000 சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்ததிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே ஃப்ரீக்வென்சி. வடக்கே எங்கோ ஒரு பெரிய யூனிட் திடீரென்று நின்றால் தூத்துக்குடி டெஸ்க்கில் அந்த எண் லேசாகச் சரிவது தெரியும். நம் டர்பைனும் இந்தியாவின் மற்ற எல்லா டர்பைன்களும் கைகோத்துச் சுற்றுகின்றன என்பதை அந்த ஓர் எண்ணில் பார்க்கலாம். எனக்கு இன்றும் அது அலுக்கவில்லை.

இன்னொன்று ஃபீல்டு. புதிதாகச் சேர்கிறவரை முதலில் இங்கேதான் அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். கையில் டார்ச், லாக் ஷீட், பையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொரு பம்ப், ஃபேன், மில்லாகப் போய் அழுத்தம், சூடு, எண்ணெய் மட்டம் எல்லாம் குறிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று நானும் கேட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்த அட்டெண்டன்ட் அண்ணன் அதன் முனையை ஓடுகிற ஃபேனின் பேரிங் (சுற்றும் தண்டைத் தாங்கும் பாகம்) உறை மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக் குழிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொன்னார். நல்ல பேரிங் ஒரே சீராக ரீங்கரிக்கும். கெடத் தொடங்கிய பேரிங்கில் உள்ளே யாரோ மணலை மெல்லுவது போல ஒரு சத்தம். அப்புறம் புறங்கையை உறை மேல் வைக்கச் சொன்னார். உள்ளங்கையை வைக்கக் கூடாது. சூடு அதிகமிருந்தால் புறங்கை தானாக விலகிவிடும். சென்சார் எல்லாப் பேரிங்கிலும் இருக்கிறதுதான். ஆனால் சென்சார் எண் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த மணல் சத்தம் கேட்டுவிடும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபீல்டில் இன்னொன்றும் கற்றுக்கொடுப்பார்கள். உயர் அழுத்த நீராவி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது குளிர்ந்து துளியான நீர்தான். அதிசூடான நீராவி வெறும் சத்தமாக மட்டுமே இருக்கும். அந்தச் சீறல் கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கையை நீட்டித் தேடக் கூடாது. பழைய ஆட்கள் துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு போவார்கள் என்று சொல்வதுண்டு. கட்டை எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே கசிவு.

எல்லாம் சரியாக இருக்கும் நாளில் ஆபரேஷன் சலிப்பாகக்கூட இருக்கலாம். யூனிட் ட்ரிப் ஆகும்போதுதான், அதாவது பாதுகாப்புக்காகத் தானாக நிற்கும்போதுதான், அது என்ன வேலை என்று தெரியும். ஒரே நேரத்தில் நூறு அலாரம் அடிக்கும். பாய்லரில் தீ அணையும், நீராவி வால்வுகள் மூடும், சேஃப்டி வால்வு திறந்து ஊரே அதிரும்படி நீராவி வெளியேறும். அந்த நிமிடத்தில் நல்ல ஆபரேட்டர் முதலில் பார்ப்பது மறுபடி ஓட்டுவது எப்படி என்பதை அல்ல. டர்பைன் பேரிங்குக்கு எண்ணெய் போகிறதா என்று பார்ப்பார். பல டன் எடையுள்ள தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் நின்றால் பேரிங் உருகிவிடும். நிலையமே இருட்டாகி நிலைய மின்சாரத்தில் ஓடும் பம்ப் எதுவும் ஓடாவிட்டாலும் பேட்டரியில் ஓடும் டிசி எண்ணெய் பம்ப் ஒன்று இதற்காகவே காத்திருக்கும். தண்டு நின்ற பிறகும் விட முடியாது. சூடான தண்டை அசையாமல் விட்டால் மேல்பக்கம் ஒரு சூடு, கீழ்பக்கம் ஒரு சூடு என்று வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் எனப்படும் சுழற்றியைப் போட்டு, ஆறும்வரை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக, ஆபரேஷனுக்கு எந்த மாதிரி ஆள் வேண்டும்? எட்டு மணிநேரம் எதுவும் நடக்காதபோதும் கவனம் குறையாதவர். நடக்கும்போது குரல் உயராதவர். முந்தைய ஷிப்ட்காரர் லாக் புத்தகத்தில் எழுதிய மூன்று வரியைப் படித்துவிட்டு, எழுதாத நான்காவது வரியையும் அவரிடம் கேட்டு வாங்குகிறவர்.

கழற்றுகிறவர்கள்

மெயின்டனன்ஸில் பிரிவுகள் பல. பாய்லர், டர்பைன், எலெக்ட்ரிக்கல், சி அண்ட் ஐ எனப்படும் கருவிகள் பிரிவு, நிலக்கரி கையாளும் பிரிவு, சாம்பல் பிரிவு. பெரும்பாலும் ஜெனரல் ஷிப்ட்தான், காலை போய் மாலை வரலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தால் போகத்தான் வேண்டும்.

பாய்லர் பிரிவில் எங்களை அதிகம் ஓடவைப்பது குழாய்க் கசிவு. சாம்பல் தேய்த்து, சூடு தின்று, குழாய் ஓரிடத்தில் மெலிந்து ஓட்டை விழும். வெளியே வரும் நீராவி ரம்பம் போலப் பக்கத்துக் குழாயை வெட்டும். அது அடுத்ததை வெட்டும். சிஸ்டத்தில் சேர்க்க வேண்டிய தண்ணீரின் அளவு கூடுவதை வைத்தும் உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்தும் கண்டுபிடித்து யூனிட்டை நிறுத்துவோம். ஆறவைத்து, மேன்ஹோல் வழியாக உள்ளே போய், சாரம் கட்டி, 24 வோல்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். (ஈரமும் இரும்புமாக இருக்கும் இடத்தில் 230 வோல்ட் விளக்கு ஆளைக் கொன்றுவிடும். அதனால் 24தான்.) பழுதான துண்டை வெட்டி, புதுத் துண்டை வெல்டு செய்து, எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து ஒப்படைக்க இரண்டு மூன்று நாள் ஆகும்.

இதில் வெல்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாய்லர் குழாய்கள் விரல் நுழையும் இடைவெளியில் நெருக்கமாக நிற்கும். குழாயின் பின்பக்கத்தை வெல்டரால் பார்க்க முடியாது. அங்கே ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டி வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வெல்டு செய்வார். கண்ணாடியில் முன்பின் மாறித் தெரியும். கை ஒரு பக்கம் போகும், கண் இன்னொரு பக்கம் பார்க்கும். ஒருக்களித்துப் படுத்த நிலையில், வியர்வை கண்ணில் இறங்க, அப்படி இரண்டு ஜாயிண்ட் முடித்துவிட்டு வெளியே வந்து அமைதியாக டீ குடிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய ஜாயிண்ட் எக்ஸ்ரேயில் தவறியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் தொழிலில் நான் மிக மரியாதை வைத்திருப்பது இவர்கள் மேல்தான். பாய்லரில் வெல்டு செய்ய யார் வேண்டுமானாலும் வந்துவிட முடியாது. 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகளின்படி தேர்வு எழுதி, வெல்டு செய்து காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த விதிகளின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து, பேச்சில் இவர்களை ஐபிஆர் வெல்டர் என்போம். திருச்சி பெல் (பிஎச்இஎல்) வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு.

டர்பைன் பிரிவு வேறு உலகம். அங்கே எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கு. ஓவர்ஹாலில், அதாவது முழுமையாகக் கழற்றிப் பழுதுபார்க்கும்போது, டர்பைனைத் திறந்த சமயம் ஒரு மூத்த ஃபிட்டர் பேரிங் பொருத்துவதை அரைநாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்டில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, பேரிங்கை அதன் மேல் உட்காரவைத்துத் தேய்த்து எடுப்பார். பேரிங்கின் மென்மையான உலோகத்தில் எங்கெங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு என்று அர்த்தம். அந்தப் புள்ளிகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார். திரும்ப நீலம், திரும்பத் தேய்ப்பு, திரும்பச் சுரண்டல். முதலில் நாலைந்து பெரிய திட்டுகளாக இருந்த நீலம் மத்தியானத்துக்குள் மழைத்துளி போல எங்கும் சமமாகப் பரவியிருந்தது. "இப்போ உட்காரும் சார்" என்றார்.

சி அண்ட் ஐ பிரிவு, எண்களைக் காட்டும் கருவிகளையும் தானியங்கிப் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்கிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன், எலெக்ட்ரானிக்ஸ் (இசிஇ) படித்தவர்களுக்கு மின் நிலையத்தில் இடமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் புது யூனிட்களில் நல்ல ஆளுக்கு அலைவது இந்தப் பிரிவில்தான். அதே போல வேதியியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பாய்லர் தண்ணீரில் சிலிக்கா கோடியில் சில பங்கு கூடினால்கூட அது நீராவியோடு போய் டர்பைன் பிளேடில் படியும். அதைக் காவல் காப்பது நிலையத்தின் கெமிஸ்ட்.

நடுவில் ஒரு காகிதம்

ஓட்டுகிறவருக்கும் கழற்றுகிறவருக்கும் நடுவில் இருப்பது பெர்மிட். சில இடங்களில் எல்.சி. (லைன் கிளியர்) என்பார்கள். "இந்த இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தை எடுத்து, வால்வுகளை மூடிப் பூட்டிவிட்டேன், நீ வேலை செய்யலாம்" என்று ஆபரேஷன் எழுதிக் கொடுக்கும். வேலை முடிந்ததும் "ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், கருவிகளை எடுத்துவிட்டோம், நீ ஓட்டலாம்" என்று மெயின்டனன்ஸ் எழுதித் திருப்பும். இதைத் தவிர்த்து ஒரு ஸ்பேனரைக்கூட வைக்கக் கூடாது.

இது ஏன் என்று எனக்குப் புரிந்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், அப்போதிருந்த ஒரு நிலையத்தில். கண்டன்சரில் சேரும் தண்ணீரை அனுப்பும் கண்டன்சேட் பம்புகள் ஒரே மாதிரி மூன்று வரிசையாக நிற்கும். ஏ பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பி பம்புக்குப் பெர்மிட் கொடுத்திருந்தேன். சி பம்ப் ஸ்டேண்ட்பை, ஆட்டோவில். ஒன்று நின்றால் அது ஒரு நொடியில் தானாகக் கிளம்பும். காலையில் வந்த ஃபிட்டரும் உதவியாளும் சத்தமில்லாமல் நின்ற சி பம்பின் கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பாகம்) மூடியைக் கழற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நிற்கிற பம்ப்தானே என்று நினைத்துவிட்டார்கள். ரவுண்ட்ஸ் போன அட்டெண்டன்ட் அண்ணன் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஃபிட்டரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அவன் கை கப்ளிங்குக்குள் இருந்தது. ஏ பம்ப் அந்த நேரத்தில் ட்ரிப் ஆகவில்லை, அவ்வளவுதான். அன்று நான் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கியரில் போய் எச்சரிக்கை டேக் மாட்டியிருந்தேன். பம்ப் பக்கத்தில் போய் "இதுதான் பி" என்று ஃபிட்டருக்குக் காட்டவில்லை. அதன் பிறகு ஒரு நாளும் காட்டாமல் விட்டதில்லை.

எல்லோருக்கும் அந்த ஒரு நொடி கிடைத்துவிடுவதில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாட்களில் பாய்லர் பகுதியில் நடந்த விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். 2017 நவம்பர் 1ல் உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹாரில் நடந்தது அதைவிடப் பெரியது. இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் இதை மறைத்து நல்லதை மட்டும் சொல்வது சரியில்லை. பெர்மிட் இல்லாமல் வேலை செய்யச் சொன்னால் "மாட்டேன்" என்று சொல்லும் தைரியம் முதல் நாளிலிருந்தே வேண்டும். சூப்பர்வைசர் "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றாலும் சரி.

உள்ளே போகும் வழிகள்

பத்தாவது முடித்து ஐடிஐ போகிறவர்களுக்கு ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஆகிய டிரேடுகள் நேரடியாக உதவும். முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நெய்வேலியின் என்எல்சி, திருச்சி பெல் போன்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் எடுக்கின்றன. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு, முடிவில் தேசியச் சான்றிதழ் உண்டு. அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே நிரந்தர வேலை என்று நம்பிப் போகாதீர்கள், அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஓடுகிற நிலையத்துக்குள் கழித்த அந்த நாட்களுக்கு வேறு எங்கே போனாலும் மதிப்பு இருக்கும்.

டிப்ளமோவும் பி.இ.யும் படித்தவர்களுக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்றும் நேர்வழி. என்டிபிசி, என்எல்சி போன்ற மத்திய நிறுவனங்கள் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களைப் பெரும்பாலும் கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வைத்து எடுக்கின்றன. மாநில அரசின் அனல் நிலையங்கள் 2024ல் மின்வாரியம் பிரிக்கப்பட்ட பிறகு தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகத்தின் கீழ் வந்துவிட்டன. அவற்றுக்கு அறிவிக்கை வரும்போது போட்டித் தேர்வு. அறிவிக்கைக்காக மட்டும் காத்துக்கொண்டு வருஷங்களை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நெய்வேலியில் இருக்கும் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தில் மின் நிலையப் பொறியியல் பட்டயப் படிப்பில் சேரலாம். சின்ன நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தும் அனுபவம் தேடலாம்.

அணுமின் பக்கம் வழி தனி. கல்பாக்கம், கூடங்குளம் நிலையங்களுக்கு இந்திய அணுமின் கழகமான என்பிசிஐஎல் ஆளெடுக்கிறது. பி.இ. முடித்தவர்களுக்கு ஒரு வழி, டிப்ளமோ, ஐடிஐ, பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கு ஸ்டைபண்டரி டிரெய்னி (உதவித்தொகையோடு பயிற்சி) என்ற வழி. அங்கே கன்ட்ரோல் ரூம் டெஸ்க்கில் உட்காரப் படிப்பு மட்டும் போதாது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி அதற்கென உரிமம் பெற வேண்டும்.

மின் நிலையம் என்றதும் பெரிய புகைபோக்கி மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆனால் சர்க்கரை ஆலைகளிலும் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் காகித ஆலைக்குச் சொந்த மின் நிலையம் இருக்கிறது. சிமென்ட் ஆலைகள், சுத்திகரிப்பு ஆலைகள் பலவற்றிலும் உண்டு. முதல் வேலை கிடைக்க எளிதான இடங்கள் இவைதான். ஒரே ஆள் பாய்லர், டர்பைன், தண்ணீர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருப்பதால் இரண்டு வருஷத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். இப்படிப்பட்ட இடங்களில் பெரிதும் கைகொடுப்பது பாய்லர் துறை நடத்தும் தேர்வுகள். ஐடிஐ நிலையில் பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ், இன்ஜினியர்களுக்கு பி.ஓ.இ. எனப்படும் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழ். 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் தகுதியுள்ள ஆள் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது. பி.ஓ.இ. கையில் இருக்கும் ஆளுக்கு வேலை கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகள் கேட்பதுண்டு, எங்களுக்கு இது சரிவருமா என்று. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவுப் பணிக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் போட்டிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நிலையங்களில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. சி அண்ட் ஐ, வேதியியல் பிரிவுகளிலும் கன்ட்ரோல் ரூமிலும் இன்று பெண்கள் இருக்கிறார்கள். ஃபீல்டில் இன்னும் குறைவுதான். சுத்தமான கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது என்பது போன்ற சின்ன விஷயங்கள் அங்கே பெரிய தடையாக நிற்கின்றன. இது நிர்வாகங்கள் சரிசெய்ய வேண்டிய குறை. அதற்காகப் பெண்கள் இந்த வேலையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு உண்மை, ஒப்பந்தத் தொழிலாளர்கள். இன்று பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்கள் மூலம்தான் நடக்கிறது. அதே பாய்லருக்குள் அதே சூட்டில் இறங்குகிற இரண்டு பேரில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இன்னொருவருக்கு நாள் கூலி. இதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஒப்பந்தத்தில் சேர்கிறவர்கள் முதல் மாதத்திலேயே பிஎஃப், இஎஸ்ஐ எண் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி தராமல் உள்ளே அனுப்பினால் போகக் கூடாது. காதுக்குப் பிளக், மூக்குக்கு முகமூடி கேட்டு வாங்குங்கள். மில் பக்கத்தில் இருபது வருஷம் வெறும் காதோடு நடந்தவர்கள் இன்று வீட்டில் டிவியை என்ன சத்தத்தில் வைக்கிறார்கள் என்பது அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

நிலக்கரி போய்விட்டால்?

அக்கா மகன் கடைசியாகக் கேட்டது இது. "எல்லாம் சோலார் ஆகிடுச்சுன்னா நான் என்ன மாமா பண்றது?" சோவியத் உதவியோடு 1962ல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையம் 2020ல் நிறுத்தப்பட்டது. பழைய எண்ணூர் நிலையம் அதற்கும் முன்பே நின்றது. அதனால் அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு நிலக்கரி யூனிட்கள் ஓடத்தான் போகின்றன, வேறு விதமாக. பகலில் சூரிய மின்சாரம் வரும்போது லோடைக் குறைத்து, சாயங்காலம் ஏற்ற வேண்டும். முழுத் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று 2023ல் விதியே வந்துவிட்டது. ஒரே சூட்டில் ஓடப் பிறந்த குழாய் தினமும் சுருங்கி விரியும்போது சீக்கிரம் களைத்துப்போகும். ஆக, கழற்றுகிறவர்களுக்கு வேலை கூடும், ஓட்டுகிறவர்களுக்குத் திறமை கூட வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளிலும் கமுதி சோலார் பூங்காவிலும் ஆபரேஷன், மெயின்டனன்ஸ் என்று இதே இரண்டு வேலைதான், உயரமும் வெயிலும் வேறு. காடம்பாறையில் இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. அந்த மாதிரி நிலையங்கள் இனி அதிகம் வரும். அங்கேயும் பேரிங் இருக்கும், எண்ணெய் இருக்கும், பெர்மிட் இருக்கும். ஒரு நிலையத்தில் காது பழகிவிட்டால் அடுத்ததில் பழக ஒரு மாதம் போதும்.

அவனை ஒன்று செய்யச் சொன்னேன். ஏதாவது ஒரு நிலையத்தின் தண்ணீர் போகும் பாதையின் வரைபடத்தை, கண்டன்சரிலிருந்து தொடங்கிப் பாய்லர் வரை, பார்க்காமல் வரைந்து பழகு என்றேன். எந்த பம்ப், எந்த ஹீட்டர், எங்கே டீஏரேட்டர் (தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் தொட்டி), எந்த வால்வு மூடினால் எது நிற்கும் என்று. நேர்முகத் தேர்வில் பல இடங்களில் பென்சிலைக் கையில் கொடுத்து இதைத்தான் வரையச் சொல்வார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். ஸ்டேண்ட்பை பம்பை மறந்துவிட்டிருந்தான். சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அரைமணியில் சரிசெய்து, பக்கத்தில் "ஆட்டோ" என்றும் எழுதி அனுப்பினான்.